கரண்ட் போய் விழுந்த லினக்ஸ் சர்வரை எழுப்புவது எப்படி?

சர்வரை முறையாக ஷட்டவுன் செய்யாமல் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும், யுபிஎஸ் பேட்டரி தீர்ந்து அதுவாகவே அணைந்தாலும் லினக்ஸுக்கு இரண்டும் ஒன்றுதான். எழுதிக்கொண்டிருந்த வேலை பாதியில் நின்றுவிடுகிறது. பெரும்பாலும் மறுபடி ஆன் செய்ததும் ஒன்றுமே நடக்காதது போல எழுந்துவிடும். எழாமல் கறுப்புத் திரையில் ஏதோ ஒரு பிராம்ப்ட்டோடு நிற்கிறதே, அந்த நேரத்துக்கானது இந்தக் கட்டுரை. லினக்ஸில் கட்டளை அடித்துப் பழகியிருக்கிறீர்கள், ஆனால் உடைந்த ஃபைல்சிஸ்டம் எதையும் இதுவரை தொட்டதில்லை என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சின்ன ஆபீஸ் சர்வர்: உபுண்டு, எஸ்டிஏ என்ற டிஸ்கின் இரண்டாவது பார்ட்டிஷனில் ஈஎக்ஸ்டி4 ரூட், எஸ்டிபி என்ற இன்னொரு டிஸ்கில் எக்ஸ்எஃப்எஸ், அதில் மைஎஸ்க்யூஎல் டேட்டா. கட்டளைகளைப் படிக்கிற ஒலியிலேயே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

இணையத்தில் தேடினால் எல்லோரும் "எஃப்எஸ்சிகே -ஒய் அடி, சரியாகிவிடும்" என்பார்கள். ஆனால் எஃப்எஸ்சிகே உங்கள் டேட்டாவைக் காப்பாற்ற வந்த கருவி இல்லை. ஃபைல்சிஸ்டத்தின் உள்கணக்கை நேராக்குவது மட்டுமே அதன் வேலை. கணக்கு இடிக்கிற பதிவை அடித்துவிட்டு மொத்தத்தைச் சரியாகக் காட்டுகிற கணக்குப்பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள்: நோட்டு சுத்தமாகிவிடும், சரக்கு எங்கே போனது என்பது வேறு கேள்வி. அதனால்தான் அதை அடிக்கும் முன்னும் பின்னும் செய்யவேண்டியவை கீழே அதிக இடத்தைப் பிடிக்கின்றன.

ஜர்னல் இருந்தும் ஏன் உடைகிறது?

ஒரு புரோகிராம் ஃபைலில் எழுதுவது உடனே டிஸ்குக்குப் போவதில்லை. கர்னல் அதை மெமரியில் வைத்திருந்து பிறகு எழுதும். எதையும் மாற்றாத அமைப்பில், அப்படிக் காத்திருக்கும் டேட்டாவுக்கு 30 நொடி வயதானதும்தான் "இனி எழுதியே ஆகவேண்டும்" என்று கர்னல் முடிவு செய்கிறது. ஈஎக்ஸ்டி4 தன் ஜர்னலை, அதாவது செய்யப்போகும் மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேட்டை, 5 நொடிக்கு ஒருமுறை டிஸ்கில் பதிக்கிறது. ஆகவே கரண்ட் போனால் கடைசி சில நொடிகளில் எழுதியது போகலாம். எஃப்சிங்க் செய்து, டிஸ்கில் பதிந்ததை உறுதிசெய்துகொள்கிற டேட்டாபேஸ் போன்றவை இதில் தப்பித்துவிடும்.

ஜர்னல் காப்பது பெயர், ஐனோட் (ஒரு ஃபைலைப் பற்றிய விவரங்கள் இருக்கும் பதிவு), எந்த பிளாக் யாருக்குச் சொந்தம் என்கிற மெட்டாடேட்டாவைத்தான். ஃபைலின் உள்ளே இருப்பது வழக்கமான அமைப்பில் ஜர்னலுக்குள் போவதில்லை. அடுத்த முறை மவுண்ட் ஆகும்போது ஜர்னலில் முழுமையாகப் பதிந்ததை மறுபடி ஓட்டி, அரைகுறையாக நின்றதைத் தள்ளிவிட்டு, கட்டமைப்பை ஒழுங்குக்குக் கொண்டுவந்துவிடும்.

அப்படிப் பார்த்தால் வெறும் கரண்ட் கட்டால் கட்டமைப்பு உடையவே கூடாது. உடைந்திருக்கிறது என்றால் இன்னும் ஏதோ ஒன்று நடந்திருக்கிறது. டிஸ்க் தன் உள் கேஷில் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு "எழுதிவிட்டேன்" என்று பொய் சொல்லியிருக்கலாம். பல டிஸ்குகளை ஒன்றாக இணைக்கும் ரெய்டு கார்டின் கேஷுக்கு பேட்டரி செத்திருக்கலாம். விர்ச்சுவல் மெஷின் என்றால், ஹோஸ்டில் வேகத்துக்காக ஃப்ளஷை (கேஷில் இருப்பதை டிஸ்கில் எழுதச் சொல்லும் கட்டளையை) அலட்சியம் செய்யும் கேஷ் மோடை யாராவது வைத்திருக்கலாம். ராம் கெட்டிருக்கலாம். எல்லாவற்றையும்விட அடிக்கடி, டிஸ்க்கே ஏற்கெனவே சாகத் தொடங்கியிருக்கும். சர்வர் உறைந்துபோனதும் அதனால்தான், யாரோ ரீசெட் அடித்ததும் அதனால்தான். "ரீபூட் செய்ததால் உடைந்தது" என்று வரும் புகாரை நான் முதலில் இப்படித் திருப்பித்தான் பார்ப்பேன்.

திரையைப் படியுங்கள், ரீபூட்டை நிறுத்துங்கள்

வரவில்லை என்றதும் மறுபடி மறுபடி ரீபூட் அடிப்பதுதான் எல்லோருக்கும் முதலில் கை போகிற வேலை. ஒவ்வொரு பூட்டும் ஜர்னலை ஓட்டப் பார்க்கும், தானியங்கிச் சோதனையும் நடக்கும். இரண்டுமே டிஸ்கில் எழுதுகிற வேலைகள். நிறுத்திவிட்டு திரையை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். அங்கே என்ன நிற்கிறது என்பதைப் பொறுத்துதான் அடுத்த வேலை.

"அன்எக்ஸ்பெக்டட் இன்கன்சிஸ்டன்சி, ரன் எஃப்எஸ்சிகே மேனுவலி" என்று சொல்லி, பிஸிபாக்ஸ் என்ற பெயரோடு இனிட்ராம்எஃப்எஸ் (ரூட் மவுண்ட் ஆகும்வரை மெமரியில் ஓடும் தற்காலிகச் சிறு சிஸ்டம்) பிராம்ப்ட் வந்தால், ரூட் ஃபைல்சிஸ்டத்தில் தானாகச் சரிசெய்ய முடியாத பிழை இருக்கிறது. இந்தக் கட்டுரையின் மையமே அதுதான்.

எமர்ஜென்சி மோட் என்று வந்து ரூட் பாஸ்வேர்ட் கேட்டால் அவசரப்படாதீர்கள். பல நேரம் இதில் ஃபைல்சிஸ்டமே உடைந்திருக்காது. /எட்சி/எஃப்எஸ்டேபில் எழுதியிருக்கிற ஏதோ ஒரு டிஸ்க் கண்ணில் படாததால் சிஸ்டம்டி ஒன்றரை நிமிடம் காத்திருந்துவிட்டுக் கைவிட்டிருக்கும். ஜர்னல்சிடிஎல் -எக்ஸ்பி (பி, பூட்டின் முதலெழுத்து) அடித்துப் பார்த்தால் எந்த மவுண்ட் விழுந்தது என்று தெரியும். உபுண்டுவில் ரூட் அக்கவுண்ட் பூட்டியிருப்பதால் இங்கே உள்ளேயே விடாமல் போகலாம். அப்போது லைவ் யுஎஸ்பிதான் வழி.

கர்னல் பேனிக் வந்து, ரூட் ஃபைல்சிஸ்டத்தை மவுண்ட் செய்ய முடியவில்லை, அன்நோன்-பிளாக் 0,0 என்று நின்றால், அநேகமாக கர்னல் அப்டேட்டின் நடுவில் கரண்ட் போயிருக்கிறது. இனிட்ராம்எஃப்எஸ் ஃபைல் முழுமையாக இல்லை. பூட்டைத் தொடங்கிவைக்கும் க்ரப்பின் மெனுவில் பழைய கர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். க்ரப்பே ரெஸ்க்யூ என்று நின்றால் அதற்குத் தன் ஃபைல்களே கிடைக்கவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு வகை, சர்வர் எழுந்துவிடும், ஆனால் எதை எழுதப் போனாலும் "ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்" என்று வரும். ஓடிக்கொண்டிருக்கும்போதே பிழையைக் கண்ட கர்னல், மேலும் கெடாமல் இருக்கப் பூட்டிவிட்டது. மறுபடி எழுதும் நிலைக்கு ரீமவுண்ட் செய்து வேலையை ஓட்டலாம் என்று தோன்றும், செய்யாதீர்கள்.

டிஸ்க் உயிரோடு இருக்கிறதா?

லைவ் யுஎஸ்பியில் பூட் செய்யுங்கள். சிஸ்டம்ரெஸ்க்யூ இதற்கென்றே உருவானது, தேவையான கருவிகள் எல்லாம் உள்ளேயே இருக்கும். உபுண்டு சர்வர் இன்ஸ்டால் யுஎஸ்பி மட்டும்தான் கையில் என்றால், அதன் ஹெல்ப் மெனுவில் ஷெல்லுக்குப் போக வழி உண்டு. கிளவுட் சர்வர் என்றால் ரெஸ்க்யூ மோட் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டிஸ்கைக் கழற்றி வேறொரு மெஷினில் இரண்டாவது டிஸ்காக மாட்டலாம்.

உள்ளே போனதும்:

எல்எஸ்பிஎல்கே --எஃப்எஸ்

எந்த டிஸ்கில் எந்த பார்ட்டிஷன், அதில் என்ன ஃபைல்சிஸ்டம் என்று காட்டும். லைவ் யுஎஸ்பியில் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்கள் இடம் மாறியிருக்கலாம். அளவையும் யுயுஐடி என்ற தனி அடையாள எண்ணையும் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்; பெயரை நம்பி வேலை செய்யவேண்டாம்.

அடுத்து டிஎம்ஈஎஸ்ஜி கட்டளையின் வெளியீட்டில் ஐ/ஓ எரர், மீடியம் எரர் என்ற சொற்களைத் தேடுங்கள். பிறகு:

ஸ்மார்ட்சிடிஎல் --ஆல் /டெவ்/எஸ்டிஏ

மேலே பெரிதாக "பாஸ்டு" என்று இருப்பதை வைத்து நிம்மதி அடையாதீர்கள். கண்ணுக்கு முன்னால் செத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்கூட அந்த வரியில் பாஸ் ஆகும். கீழே அட்டவணையில் 5, 197, 198 என்ற எண்களைப் பாருங்கள். 5 என்பது மாற்று இடத்துக்குப் போன செக்டார்கள்; 197 படிக்க முடியாமல் தவிக்கும் செக்டார்கள்; 198 சோதனையில் திருத்தவே முடியாதவை. கடைசி நெடுவரிசையில் இவை 0 என்றால் நல்லது. 197 ஏறியிருந்தால் அந்த டிஸ்கை நோயாளியாகவே நடத்துங்கள். 199 மட்டும் ஏறியிருந்தால் பெரும்பாலும் டிஸ்க் நலம், கேபிள்தான் கோளாறு. என்விஎம்ஈ டிஸ்கில் இந்த அட்டவணை இருக்காது. அங்கே கிரிட்டிகல் வார்னிங், மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ் என்ற இரண்டு வரிகளைப் பார்த்தால் போதும்.

இந்த நிலையில் உள்ளே எட்டிப் பார்க்க ஆசை வரும். ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது: ரீட்-ஒன்லியாக மவுண்ட் செய்தாலும் ஈஎக்ஸ்டி4 ஜர்னலை ஓட்டிவிடும், அதாவது டிஸ்கில் எழுதிவிடும். உண்மையிலேயே தொடாமல் பார்க்க வேண்டுமென்றால்:

மவுண்ட் --ஆப்ஷன்ஸ் ஆர்ஓ,நோலோட் /டெவ்/எஸ்டிஏ2 /எம்என்டி

எக்ஸ்எஃப்எஸ் என்றால் நோலோடுக்குப் பதில் நோரிகவரி. இப்படி மவுண்ட் ஆகிவிட்டால், மிக முக்கியமான ஃபைல்களை அப்போதே வேறு டிஸ்குக்கு நகலெடுத்துவிடுங்கள். ஜர்னலை ஓட்டாததால் கடைசியாக மாறியவை பழைய நிலையில் தெரியலாம். இருந்தாலும் கையில் ஒன்று இருக்கும். எடுத்து முடித்ததும் அன்மவுண்ட் செய்ய மறக்காதீர்கள்.

நகல் எடுங்கள்

நேற்றைய பேக்கப் இருக்கிறது, அதை மீட்டுப் பார்த்த அனுபவமும் இருக்கிறது என்றால், என் ஆலோசனை வேறு: நல்ல டிஸ்கில் புதிதாக இன்ஸ்டால் செய்து பேக்கப்பைப் போட்டுவிடுங்கள். உடைந்ததை ஒட்டவைத்து, எது கெட்டிருக்கிறதோ என்று மாதக்கணக்கில் சந்தேகப்படுவதைவிட அது சீக்கிரம் முடிகிற வேலை. பேக்கப் இல்லை, அல்லது பழையது என்றால்தான் இனி வருவது.

விர்ச்சுவல் மெஷின், கிளவுட் என்றால் ஒரு ஸ்னாப்ஷாட் எடுத்தால் இந்தப் படி முடிந்தது. நிஜ டிஸ்குக்கு டிடிரெஸ்க்யூ வேண்டும். டெபியன், உபுண்டுவில் இதன் பேக்கேஜ் பெயர் ஜிடிடிரெஸ்க்யூ. கிட்டத்தட்ட இதே பெயரில், நடுவில் அடிக்கோடு உள்ள இன்னொரு கருவியும் உண்டு, அது வேறு. வெளி டிஸ்க் ஒன்றை மாட்டி /எம்என்டி/வெளி என்ற மாதிரி ஓர் இடத்தில் மவுண்ட் செய்துகொள்ளுங்கள். மூல டிஸ்கின் முழு அளவுக்கும் அதில் இடம் இருக்கவேண்டும்.

டிடிரெஸ்க்யூ --நோ-ஸ்க்ரேப் /டெவ்/எஸ்டிஏ /எம்என்டி/வெளி/எஸ்டிஏ.ஐஎம்ஜி /எம்என்டி/வெளி/எஸ்டிஏ.மேப்

டிடிரெஸ்க்யூ --ஐடைரக்ட் --ரீட்ரை-பாஸஸ்=3 /டெவ்/எஸ்டிஏ /எம்என்டி/வெளி/எஸ்டிஏ.ஐஎம்ஜி /எம்என்டி/வெளி/எஸ்டிஏ.மேப்

முதல் ஓட்டம் சுலபமாகப் படிக்க முடிகிறதை எல்லாம் அள்ளிக்கொள்ளும். மோசமான இடங்களில் மல்லுக்கட்டாது. இரண்டாவது, விட்ட இடங்களை மட்டும் மூன்று முறை முயலும். எதை எடுத்தது, எதை விட்டது என்ற குறிப்பு மேப் ஃபைலில் இருப்பதால், நடுவில் நின்றாலும் அதே கட்டளையை அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மூலம் முதலில், நகல் பிறகு, மேப் கடைசியில். இந்த வரிசையை என்டர் தட்டும் முன் விரல் வைத்துப் படித்துப் பாருங்கள்.

நகல் கிடைத்ததும் மூல டிஸ்கைக் கழற்றிவிடலாம். லாஸ்செட்டப் கட்டளைக்கு --பார்ட்ஸ்கேன் --ஃபைண்ட் --ஷோ சேர்த்து இமேஜ் ஃபைலைக் கொடுத்தால் /டெவ்/லூப்0பி2 என்பது போல ஒரு பெயரில் பார்ட்டிஷன் தெரியும். இனி எல்லாம் அதன் மேல்தான்; கீழே கட்டளைகளில் /டெவ்/எஸ்டிஏ2 என்று வரும் இடத்தில் அந்தப் பெயரைப் போடுங்கள். மூலமும் நகலும் ஒரே மெஷினில் மாட்டியிருந்தால் யுயுஐடி ஒன்றாக இருக்கும். எக்ஸ்எஃப்எஸ் மவுண்ட் ஆக மறுக்கும், டிஸ்க் இடத்தை வால்யூம்களாகப் பிரித்து நிர்வகிக்கும் எல்விஎம் குழம்பும். கழற்றச் சொல்வது அதனால்தான்.

டிஸ்க் நலம், டேட்டாவும் அவ்வளவு முக்கியமில்லை என்றால் இந்தப் படியைத் தாண்டலாம். அது உங்கள் முடிவு.

எல்விஎம் இருந்தால் விஜிசேஞ்ச் -ஏஒய் அடித்தால்தான் உள்ளே இருக்கும் வால்யூம்கள் தெரியும். சாஃப்ட்வேர் ரெய்டு என்றால் எம்டிஏடிஎம் --அசெம்பிள் --ஸ்கேன். எம்டிஏடிஎம்மில் --கிரியேட் என்று ஒன்று இருக்கிறது. உடைந்த ரெய்டில் அதை அடிக்கச் சொல்லி யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

ஈஎக்ஸ்டி4ஐச் சரிசெய்வது

மவுண்ட் ஆகியிருக்கும் ஃபைல்சிஸ்டத்தில் இதை ஓட்டவே கூடாது. முதலில் வெள்ளோட்டம்:

ஈ2எஃப்எஸ்சிகே -எஃப் -என் /டெவ்/எஸ்டிஏ2

என் கொடுத்தால் எதையும் எழுதாது, எல்லாக் கேள்விக்கும் "வேண்டாம்" என்று தானே பதில் சொல்லிக்கொண்டு போகும். இங்கே பயந்துவிடாதீர்கள்: எழுதாத ஓட்டம் என்பதால் ஜர்னலையும் ஓட்டாது. ஜர்னல் ஓடினாலே மறைந்துவிடக்கூடிய பிழைகளும் பட்டியலில் சேர்ந்து வரும். ஆகவே எண்ணிக்கையைப் பார்க்காமல் வகையைப் பாருங்கள். ஃப்ரீ பிளாக்ஸ் கவுண்ட் ராங், பிட்மேப் டிஃபரன்ஸஸ் போன்றவை கூட்டல் பிழை மாதிரி, டேட்டாவுக்கு ஆபத்தில்லை. டிலீட் செய்யப்பட்ட ஐனோட் பற்றிய செய்திகளும் கரண்ட் கட்டுக்குப் பிறகு சகஜம். மல்டிப்ளை-கிளெய்ம்டு பிளாக்ஸ், அதாவது ஒரே பிளாக்கை இரண்டு ஃபைல்கள் உரிமை கொண்டாடுவது, அல்லது ரூட் ஐனோட் ஒரு டைரக்டரியே இல்லை என்ற செய்தி வந்தால் நிலைமை தீவிரம். நகல் இல்லாமல் இங்கிருந்து ஓர் அடிகூட எடுத்து வைக்கவேண்டாம்.

அடுத்து ப்ரீன் ஓட்டம்: என் இருந்த இடத்தில் ப்ரீனின் முதலெழுத்து. ஜர்னலை ஓட்டி, ஆபத்தில்லாத பிழைகளை மட்டும் கேட்காமலே திருத்தும். பெரியது வந்தால் நின்றுவிடும். நின்றால், எந்த ஆப்ஷனும் இல்லாமல் எஃப் மட்டும் கொடுத்து ஓட்டுங்கள். ஒவ்வொன்றாகக் கேட்கும். முதல் ஐந்தாறு கேள்விகளையாவது பொறுமையாகப் படியுங்கள். ஒரே மாதிரி சின்னப் பிழைகள்தான் வரிசையாக வருகின்றன என்றால் நிறுத்திவிட்டு -ஒய் போட்டு ஓட்டலாம். அப்போதும் ஒரு பாதுகாப்பு உண்டு:

ஈ2எஃப்எஸ்சிகே -எஃப் -ஒய் -இசட் /எம்என்டி/வெளி/எஸ்டிஏ2.அன்டூ /டெவ்/எஸ்டிஏ2

இசட் ஆப்ஷன், மாற்றப்போகிற பிளாக்குகளின் பழைய உள்ளடக்கத்தை அந்த ஃபைலில் சேமித்துவைக்கும். விளைவு மோசமாகிவிட்டால் ஈ2அன்டூ கட்டளைக்கு அந்த ஃபைலையும் பார்ட்டிஷனையும் கொடுத்தால் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

வேலை ஐந்து கட்டமாக ஓடும்: ஐனோட்கள், டைரக்டரிகளின் உள்ளடக்கம், டைரக்டரிகளின் தொடர்பு, லிங்க் எண்ணிக்கை, கடைசியில் மொத்தக் கணக்கு. பெரிய டிஸ்கில் முதல் கட்டமே நிறைய நேரம் எடுக்கும்; தொங்கிவிட்டது என்று நினைத்து அணைத்துவிடாதீர்கள். முடிந்ததும் எக்கோ $? அடித்துப் பாருங்கள். 0 என்றால் பிழை இல்லை. 1 என்றால் பிழை இருந்தது, திருத்தியாயிற்று. 2 என்றால் ரீபூட் தேவை. 4 என்றால் இன்னும் மிச்சம் இருக்கிறது. 8 என்றால் கருவியாலேயே ஓட முடியவில்லை. 0 வரும்வரை மறுபடி ஓட்டுங்கள். ஒவ்வொரு முறையும் புதுப்புதுப் பிழைகள் வந்தால் ஃபைல்சிஸ்டத்தை விட்டுவிட்டு டிஸ்கையும் ராமையும் சந்தேகியுங்கள்.

சில நேரம் தொடக்கத்திலேயே "பேட் மேஜிக் நம்பர் இன் சூப்பர்-பிளாக்" என்று சொல்லி நின்றுவிடும். புதியவர்களுக்கு இது வந்தால், பெரும்பாலும் காரணம் சூப்பர்பிளாக் (ஃபைல்சிஸ்டத்தின் அடிப்படை விவரங்கள் இருக்கும் பிளாக்) இல்லை: எஸ்டிஏ2 என்று கொடுக்கவேண்டிய இடத்தில் எஸ்டிஏ என்று முழு டிஸ்கைக் கொடுத்திருப்பார்கள், அல்லது அந்த பார்ட்டிஷன் எல்விஎம்முக்கு உரியதாக இருக்கும். எல்லாம் சரியாகக் கொடுத்தும் வருகிறது என்றால் பேக்கப் சூப்பர்பிளாக்கைப் பயன்படுத்தலாம். பிளாக் அளவு 4096 என்றால் அது வழக்கமாக 32768, 98304, 163840, 229376 ஆகிய இடங்களில் இருக்கும்:

ஈ2எஃப்எஸ்சிகே -பி 32768 /டெவ்/எஸ்டிஏ2

இங்கே வரும் பி, பேக்கப்பின் முதலெழுத்து. மேலே சொன்ன ப்ரீனின் முதலெழுத்தோடு குழப்பிக்கொள்ளவேண்டாம். ஓர் எண்ணில் கிடைக்காவிட்டால் அடுத்தது.

எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ்

ரெட்ஹேட் 2014இல் 7ஆம் பதிப்பிலிருந்து எக்ஸ்எஃப்எஸ்ஸையே முதல் தேர்வாக வைத்திருப்பதால் சென்ட்ஓஎஸ், ராக்கி, அல்மா சர்வர்களில் இதைத்தான் பார்ப்பீர்கள். இதில் எஃப்எஸ்சிகே அடித்தால் ஒரு நொடியில் 0 என்று முடிந்துவிடும். சந்தோஷப்படவேண்டாம், எஃப்எஸ்சிகே.எக்ஸ்எஃப்எஸ் என்பது எதுவுமே செய்யாத ஒரு பொம்மை. உண்மையான கருவி எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர்.

முதலில் ஒரு முறை சாதாரணமாக மவுண்ட் செய்து அன்மவுண்ட் செய்யுங்கள். லாக், அதாவது எக்ஸ்எஃப்எஸ்ஸின் ஜர்னல், அப்போதுதான் ஓடும். பிறகு எக்ஸ்எஃப்எஸ்_ரிப்பேர் -என் என்று வெள்ளோட்டம். அப்புறம் ஆப்ஷன் இல்லாமல் நிஜ ஓட்டம். லாக் ஓடாமல் இருந்தால் கருவியே மறுத்துவிட்டு, முதலில் மவுண்ட் செய், முடியாவிட்டால் பெரிய எல் ஆப்ஷன் இருக்கிறது என்று சொல்லும். அந்த எல், லாக்கையே அழிக்கிறது. அதில் இருந்த கடைசி மாற்றங்கள் அத்தோடு போயின. மவுண்ட் முயன்று தோற்ற பிறகு, நகல் கையில் இருக்கும்போது மட்டும்.

பிடிஆர்எஃப்எஸ்ஸில் பிடிஆர்எஃப்எஸ் செக் --ரிப்பேர் என்ற கட்டளையை முதல் மருந்தாக எடுக்காதீர்கள். அதன் கையேடே எச்சரிக்கிறது. ஆர்ஓ,ரெஸ்க்யூ=யூஸ்பேக்கப்ரூட் என்று மவுண்ட் செய்து டேட்டாவை வெளியே எடுத்துவிட்டு ஃபைல்சிஸ்டத்தைப் புதிதாக உருவாக்குவதுதான் நிம்மதி.

சரியாகிவிட்டது என்கிறதே, உள்ளே என்ன மிச்சம்?

இப்போது மவுண்ட் செய்து முதலில் லாஸ்ட்+ஃபவுண்ட் டைரக்டரியைப் பாருங்கள். பெயரை இழந்த ஃபைல்கள் #131586 என்பது போல ஐனோட் எண்ணோடு அங்கே கிடக்கும். ஃபைல் என்ற கட்டளையை அவற்றின் மேல் ஓட்டினால் இது டெக்ஸ்ட், இது ஜேபெக், இது டார் ஆர்க்கைவ் என்று வகை சொல்லும். முழு டைரக்டரியே வந்து விழுந்திருந்தால் உள்ளே பெயர்கள் அப்படியே இருக்கும். வெளிப்பெயரை மட்டும் கண்டுபிடித்து இடத்தில் வைத்தால் போதும். காலியாக இருந்தால் அதுவே நல்ல செய்தி.

அடுத்து, காலியாகிப்போன ஃபைல்கள்:

ஃபைண்ட் /எம்என்டி/எட்சி /எம்என்டி/வார்/லிப் -டைப் எஃப் -சைஸ் 0

எப்போதுமே 0 அளவில் இருக்கும் ஃபைல்களும் இதில் வரும். இருக்கக்கூடாதவை கண்ணில் படுகிறதா என்று பாருங்கள். அப்டேட் ஓடும்போது கரண்ட் போயிருந்தால் /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ் ஃபைல் பாதிக்கப்பட்டிருக்கலாம். அதன் பழைய நகல்கள் /வார்/பேக்கப்ஸ் டைரக்டரியில் டிபிகேஜி.ஸ்டேட்டஸ்.0 என்ற பெயரிலிருந்து வரிசையாக இருக்கும். அதை அறியாமல் முழு இன்ஸ்டாலையும் தூக்கி எறிபவர்கள் உண்டு.

லைவ் யுஎஸ்பியிலிருந்து சிஎச்ரூட் செய்து, அதாவது டிஸ்கில் இருக்கும் சிஸ்டத்தையே ரூட்டாக வைத்து, உள்ளே போனால் மிச்ச வேலை சுலபம். டெவ், ப்ராக், சிஸ் மூன்றையும் பைண்ட் மவுண்ட் செய்துவிட்டு சிஎச்ரூட் /எம்என்டி அடியுங்கள். /பூட் தனி பார்ட்டிஷன் என்றால் அதையும் மவுண்ட் செய்யவேண்டும். உள்ளே டிபிகேஜி --வெரிஃபை ஓட்டினால் இன்ஸ்டால் ஆனபோது இருந்த நிலையிலிருந்து மாறிய ஃபைல்களைப் பட்டியலிடும். எட்சிக்குள் நீங்களே மாற்றியவை வருவது இயல்பு, யுஎஸ்ஆருக்குள் வந்தால் அந்த பேக்கேஜை ஏபிடி இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால் செய்யுங்கள். ஆர்பிஎம் குடும்பத்தில் இதற்கு ஆர்பிஎம் -விஏ, அதில் வி மட்டும் பெரிய எழுத்து. இனிட்ராம்எஃப்எஸ் கெட்டிருந்தால் அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யு, ஆர்பிஎம் குடும்பத்தில் டிராகட் --ஃபோர்ஸ்.

டேட்டாபேஸைக் கடைசியில் தொடுங்கள். மைஎஸ்க்யூஎல்லை ஸ்டார்ட் செய்வதற்கு முன் அதன் முழு டேட்டா டைரக்டரியையும் தனியே நகலெடுத்து வையுங்கள். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி தானே மீட்டுக்கொள்ளும் திறமை உள்ளது. எரர் லாக்கைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட் செய்து விட்டுவிட்டால் போதும். விழுந்துகொண்டே இருந்தால் இன்னோடிபி_ஃபோர்ஸ்_ரிகவரி என்ற அமைப்பை 1இல் தொடங்கி ஒவ்வொன்றாக ஏற்றலாம், 6 வரை உண்டு. 4 முதல் மேலே போனால் டேட்டா நிரந்தரமாகக் கெடக்கூடும் என்று கையேடு சொல்கிறது. எந்த எண்ணில் எழுந்தாலும் அங்கேயே ஓட்டாமல், மைஎஸ்க்யூஎல்டம்ப் எடுத்துப் புதிய டேட்டா டைரக்டரியில் ஏற்றுங்கள். போஸ்ட்கிரெஸ் என்றால் இடம் அடைக்கிறது என்று பிஜி_வால் டைரக்டரியை யாரும் அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீட்பே அதை வைத்துத்தான் நடக்கிறது.

அடுத்த முறைக்கு

யுபிஎஸ் வைத்திருந்தால் மட்டும் போதாது. பேட்டரி தீரப்போகிறது என்று அது சொல்வதைச் சர்வர் கேட்கவேண்டும். யுஎஸ்பி கேபிளை மாட்டி, நட் எனப்படும் நெட்வொர்க் யுபிஎஸ் டூல்ஸை அமைத்தால் தானே ஷட்டவுன் ஆகும். எத்தனையோ ஆபீஸ்களில் யுபிஎஸ்ஸோடு வந்த அந்த கேபிள் பிரிக்காத கவரிலேயே கிடக்கிறது.

எஃப்எஸ்டேபில் கடைசி நெடுவரிசை, பூட்டின்போது சோதிக்கும் வரிசை: ரூட்டுக்கு 1, மற்ற ஈஎக்ஸ்டி4 டிஸ்குகளுக்கு 2, எக்ஸ்எஃப்எஸ்ஸுக்கு 0. ரூட்டைத் தவிர்த்த டேட்டா டிஸ்குகளுக்கு நோஃபெயில் சேர்த்துவிட்டால், அந்த டிஸ்க் காணாமல் போனாலும் சர்வர் எழுந்து எஸ்எஸ்எச்சுக்குப் பதில் சொல்லும். ஒரு முறை மட்டும் கட்டாயச் சோதனை வேண்டுமென்றால், க்ரப் மெனுவில் ஈ அழுத்தி, லினக்ஸ் என்று தொடங்கும் வரியின் கடைசியில் எஃப்எஸ்சிகே.மோட்=ஃபோர்ஸ் என்று சேர்த்து கன்ட்ரோல்-எக்ஸ் அழுத்துங்கள்.

சர்வர் உறைந்து நிற்கும்போது பவர் பட்டனுக்குப் போகும் முன், கர்னலுக்கே நேரடியாகக் கட்டளை கொடுக்கும் மேஜிக் சிஸ்ஆர்கியூவை முயலுங்கள். ஆல்ட்டையும் பிரிண்ட் ஸ்கிரீன் கீயையும் பிடித்துக்கொண்டு எஸ், யு, பி (பூட்டின் முதலெழுத்து) என்று சில நொடி இடைவெளியில் அழுத்தவேண்டும்: மெமரியில் இருப்பதை எழுது, ரீட்-ஒன்லி ஆக்கு, ரீபூட் செய். உபுண்டு இதற்கு வைத்திருக்கும் இயல்பான மதிப்பு 176. அதில் இந்த மூன்றும் வேலை செய்யும், புரோகிராம்களைக் கொல்லும் ஈ, ஐ இரண்டும் வேலை செய்யாது. கீபோர்டு எட்டாத தூரத்தில் இருக்கிறது, எஸ்எஸ்எச் மட்டும் இன்னும் உயிரோடு இருக்கிறது என்றால் ரூட்டாக அதே மூன்று எழுத்துகளை எக்கோ மூலம் ஒவ்வொன்றாக /ப்ராக்/சிஸ்ஆர்கியூ-ட்ரிக்கருக்கு அனுப்பலாம். அந்த 176 கட்டுப்பாடு கீபோர்டுக்கு மட்டும்தான், இந்த வழிக்கு இல்லை.